சிட்டையில் ஏறாத வடை

திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த அரிசிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அன்றன்றைக்கு எழுதுகிற சிட்டைக்கும் பேரேட்டுக்கும் நடுவில் பத்து ரூபாய் உதைத்தாலே அன்றைக்குத் தூக்கம் வராது எனக்கு. அப்படிப்பட்டவன் சொந்த உடம்பின் கணக்கை இரண்டு வருஷமாகப் பொய்யாகவே எழுதிக்கொண்டிருந்தேன். தெரியவந்தது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது.

அன்றைக்கு எடை 91 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டுகிற எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.3. இந்த எண் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய் வாசல்படியில் நிற்கிறது என்று பொருள், 6.5 ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "காலையில மூணு இட்லி, மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அவ்வளவுதான் சார்." பக்கத்தில் இருந்த என் மனைவி லேசாக இருமினாள்.

வெளியே வந்ததும், "எதுக்கு இருமுன?" என்றேன்.

"பதினோரு மணிக்குத் திங்க வடையை யாரு கணக்குல எழுத? முதலாளி கணக்குலயா?"

நான் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். அந்த உளுந்த வடையை நான் சாப்பாடாகவே நினைத்ததில்லை. தட்டு கிடையாது, உட்காருவது கிடையாது. டீக்கடை வாசலில் பேப்பர்த் துண்டில் வாங்கி, லாரிக்காரரிடம் வாடகை பேசிக்கொண்டே தின்பது. சிட்டையில் ஏறாத சரக்கு.

இதில் நான் தனி ஆள் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 'நாளைக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை இறங்க மாட்டேன் என்கிறது' என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டார்கள். இதற்கென்று தயாரித்த ஒரு வகைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அது உடம்பைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு, உடம்பு உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று அளந்தார்கள். சாப்பிட்டதில் 47 சதவீதம் அவர்கள் சொன்ன கணக்கில் வரவே இல்லை. உடல் உழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடம்பு எரிக்கும் வேகத்தில் ஒரு பழுதும் இல்லை.

வரவைக் குறைத்து, செலவைக் கூட்டி. வரிக்கு ரெண்டாம் நம்பர் கணக்கு எழுதுகிறவன் செய்வது இதேதான். அவனுக்காவது தான் செய்வது என்னவென்று தெரியும்.

டாக்டர் ஒரு உணவுச் சீட்டு கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எந்த உணவு முறையானாலும் கணக்கு பொய்யானால் அடுத்த வாரமே படுத்துவிடும். கடந்த பதினான்கு மாதத்தில் நான் ஆறு விதமாக என் உடம்புக்குக் கணக்கு வைத்துப் பார்த்தேன்: எடை மெஷின், போன் ஆப், நோட்டு, இஞ்ச் டேப், கூட ஒரு ஆள், ரத்தப் பரிசோதனை. ஆறையுமே ஏமாற்றியும் பார்த்தேன். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு நான் ஏமாற்றின விதம்தான் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

எடை மெஷின்

முதலில் எல்லாரும் வாங்குவது இதைத்தான். நானும் வாங்கினேன். முதல் வாரம் இரண்டரைக் கிலோ இறங்கியது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அன்று சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் பக்கம் போய், இலையில் சுடச்சுட அல்வா, பின்னாலேயே நாக்கு திகட்டாமல் இருக்க ஒரு கை மிக்சர். எனக்கு நானே அல்வா கொடுத்துக்கொண்டேன் என்று இப்போது சொல்லலாம்.

அந்த இரண்டரைக் கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். நாம் தின்கிற சோறு, இட்லியில் ஒரு பங்கை உடம்பு மாவுச்சத்தாகவே ஈரலிலும் தசையிலும் கிடங்கு வைக்கிறது. ஒரு கிராம் வைத்தால் கூடவே ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. சோற்றைக் குறைத்ததும் முதலில் காலியாவது இந்தக் கிடங்குதான். கொழுப்பு அதன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். ஒரு மறுவீட்டு விருந்தில் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்று உட்கார்ந்து எழுந்தேன். மறுநாள் மெஷின் ஒரு கிலோ இருநூறு கூட்டிக் காட்டியது. "ஒரே நாள்ல எல்லாம் போச்சு" என்று மனசு விட்டு, ராத்திரி பரோட்டாவுக்குப் போய்விட்டேன். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். எவ்வளவு பெரிய பந்தியானாலும் ஒரே வேளையில் அது நடக்காது. ஏறினது உப்பும் தண்ணீரும் இன்னும் வெளியே போகாத சாப்பாடும். இறங்கும்போது தண்ணீரைக் கொழுப்பு என்று எழுதிக்கொண்டேன், ஏறும்போதும் அப்படியே. இரண்டு தடவையும் முடிவு ஒன்றுதான், தின்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

இனி நான் செய்த களவு. மூன்று தடவை ஏறி நின்று, மூன்றில் குறைந்ததை எழுதுவேன். முடி வெட்டிய அன்றைக்குக் கட்டாயம் எடை பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை கறி தின்றால் திங்கட்கிழமை மெஷின் பக்கமே போக மாட்டேன். ஒரு நாள் குளியலறை வாசலில் கிடந்த தடித்த மிதியடி மேல் மெஷினை வைத்தபோது முக்கால் கிலோ குறைவாகக் காட்டியது. மெஷினின் அடிப்பாகம் மிதியடியில் அமுங்கி, எடையில் ஒரு பங்கை மிதியடியே தாங்கிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். தராசோடு பிழைக்கிறவன் அல்லவா. தெரிந்தும் ஒரு மாதம் அங்கேயே வைத்து நிறுத்தேன்.

கடைசியில் வீட்டு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கடையில் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசில் ஏறினேன். முத்திரை போட்ட தராசு. புதன்கிழமை காலை, கடை திறந்ததும், டீக்கு முன்னால். சுற்றி நாலு பேர் நிற்பார்கள், மூன்று தடவை ஏறி இறங்க முடியாது. முதல் நாள் பார்த்த லோடுமேன் சொன்னார்: "அண்ணாச்சி, மூணரைச் சிப்பத்துக்கு மேல இருக்கிய." ஒரு சிப்பம் 25 கிலோ. அந்தச் சொல் மனசில் தைத்ததுபோல் எந்த டாக்டர் சொன்ன எண்ணும் தைக்கவில்லை.

மெஷின் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எடையைக் குறைத்து, குறைத்ததைக் காப்பாற்றி வருகிறவர்களை 1994 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்து வருகிறார்கள். அதில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள். தினமும் பார்க்கிறவர்கள் ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து அதை மட்டும் எழுத வேண்டும். தனி நாள் எண்ணுக்கு மதிப்பே கொடுக்கக் கூடாது. ஒன்று மட்டும். காலையில் பார்த்த எண் அன்றைய பொழுதையே கெடுக்கிறது, சாப்பாட்டைக் கண்டாலே பயம் வருகிறது என்றால், அவர்களுக்கு இந்த மெஷின் ஆகாது. வீட்டில் பதினைந்து வயதுப் பெண் பிள்ளை இருந்தால் அவள் கண்ணில் படும்படி இதைக் கொண்டாட வேண்டாம்.

போன் ஆப்

என் மகன் இறக்கிக் கொடுத்தான். இதற்கு பீட்சா தெரியும், பர்கர் தெரியும். சொதி தெரியாது. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் தெரியாது. சாம்பார் என்று தேடினால் பத்துப் பதினைந்து சாம்பார் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கலோரி. நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஒரு கப்' என்று கேட்கும். அந்தக் கப் யார் வீட்டுக் கப் என்று கேட்காது.

இதைவிட மோசம், நடந்ததற்குக் கலோரியைத் திருப்பிக் கொடுப்பது. "இன்று 300 கலோரி எரித்தீர்கள், இன்னும் சாப்பிடலாம்" என்பதுபோல் பச்சை நிறத்தில் ஒரு எண் வரும். 85, 90 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 300 கலோரிதான். வ.உ.சி. மைதானத்தை வியர்க்க வியர்க்கச் சுற்றினதை ஒரு பரோட்டாவும் சால்னாவும் உட்கார்ந்த இடத்தில் விழுங்கிவிடும். வண்ணார்பேட்டை வரை பைக்கில் குலுங்கிப் போனதற்கும் சில நாள் அடிக்கணக்கு ஏறியிருந்தது. நான் மறுக்கவில்லை.

இருந்தாலும் இரண்டு மாதம் அதை வைத்திருந்ததற்கு ஒரு பலன் உண்டு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவும் புரதமும் கிராமுக்கு 4. இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், உறைத்தது அப்போதுதான். சின்ன இட்லி ஒன்று 50 கலோரி அளவில் இருக்கும். மூன்று இட்லி 150. அதற்கு மேல் மிளகாய்ப் பொடி வைத்து, நடுவில் குழி பறித்து நான் ஊற்றுகிற நல்லெண்ணெய் இரண்டு பெரிய கரண்டி, அதாவது 30 மில்லி. அது 240. ஆவியில் வெந்த பண்டம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு எண்ணெயைத்தான் தின்றிருக்கிறேன், இட்லி அதற்குத் தொட்டுக்கொள்ள.

இந்தப் பாடம் படிக்க இரண்டு மாதம் போதும். பிறகு ஆப்பை அழித்துவிட்டேன். எண்களில் ருசி உள்ள சின்ன வயசுக்காரர்கள், சமையலறைத் தராசு வைத்து நிறுத்துச் சாப்பிடப் பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. கடைச் சிட்டைக்குக் கட்டியிருப்பதுபோல அதற்கும் நூல் போட்டு ஒரு பேனா. ஆறில் எனக்கு மிகவும் உதவியதும் இதுதான், நான் அதிகமாகக் களவு செய்ததும் இதில்தான்.

2008-ல் வெளியான ஒரு ஆய்வில் ஏறக்குறைய 1,700 பேர். தினமும் சாப்பிட்டதை எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல் இரண்டு மடங்கு எடை குறைந்தார்கள். எழுதுவதில் என்ன மந்திரம் என்று கேட்டால், கணக்கு எழுதுகிறவனாக என் பதில்: எழுத வேண்டும் என்று தெரிந்தாலே கை ஒரு நிமிஷம் நிற்கும். கடையில் கல்லாவில் கை வைக்கிறவன் சிட்டை எழுதுகிறவன் முகத்தைப் பார்ப்பான் இல்லையா, அந்த ஒரு பார்வை.

முதல் மாதம் ராத்திரி படுக்கப்போகும்போது மொத்தமாக எழுதினேன். இது சுத்த வேஸ்ட். கடையில் சாயங்காலம் ஞாபகத்திலிருந்து சிட்டை எழுதினால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். சரக்கு இறங்கும்போதே எழுத வேண்டும். ராத்திரி எழுதினால் மூன்று வேளைச் சாப்பாடு ஞாபகம் வரும். வடை வராது. கருப்பட்டிக் காப்பி வராது. பக்கத்துக் கடையில் புதுக்கணக்குக்குக் கொடுத்த லட்டு வராது. பிறகு தின்பதற்கு முன்னாலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். 'வடை 2' என்று எழுதிவிட்டு ஒன்றோடு எழுந்து வந்த நாள் உண்டு. எழுதச் சோம்பல்பட்டுத் தின்னாமலே விட்ட நாள் அதைவிட அதிகம்.

களவு எங்கே நுழைந்தது என்று பிறகு பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்று, 'கொஞ்சம்' என்ற சொல். கொஞ்சம் சோறு, கொஞ்சம் அவியல், ருசிக்குக் கொஞ்சம் பாயசம். என்னிடம் ஒருவன் 'கொஞ்சம் அரிசி அனுப்பினேன்' என்று பில் கொடுத்தால் வாங்குவேனா? அந்தச் சொல்லை நோட்டிலிருந்து தள்ளி வைத்தேன். சோறு என்றால் எத்தனை கரண்டி, முறுக்கு என்றால் எத்தனை எண்ணம், எண்ணெய் என்றால் எத்தனை ஸ்பூன்.

இரண்டாவது, வெள்ளைப் பக்கம். சித்திரையில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை. இரண்டு நாள் பொங்கல், கிடா வெட்டு, சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வாய். அந்த இரண்டு தேதியும் என் நோட்டில் வெள்ளை. குற்றாலம் சீசனுக்குப் போன நாளும் வெள்ளை. அருவியில் குளித்தால் வருகிற பசிக்கு நியாயம் வேறு, செங்கோட்டை பக்கம் பரோட்டாவுக்கு முன்னால் நோட்டை எடுக்கக் கூச்சம் வேறு. ஆடிட்டர் வந்தால் எழுதின பக்கத்தை அவர் பார்ப்பதில்லை, விட்டுப்போன தேதியில்தான் முதலில் விரலை வைப்பார். அதனால் இப்போது கொடையானாலும் கல்யாணமானாலும் ஒரு வரியாவது எழுதிவிடுகிறேன். 'கறி விருந்து. எண்ணவில்லை.' இதுவும் ஒரு பதிவுதான்.

மூன்றாவது, சாட்டு. 'இன்று தாமிரபரணியில் குளித்தேன்' என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நம் ஆற்றுத் தண்ணீருக்குக் கல்லும் செரிக்கும் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சை நான் கழிவு என்று வரவு வைத்திருக்கிறேன்.

நோட்டு எனக்குச் சரி. என் மனைவிக்குச் சரிப்படவில்லை. அவளும் எட்டுக் கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீங்க கடையில உக்காந்து எழுதுதிய. எனக்குக் கையெல்லாம் மாவா இருக்கு. எங்க போயி எழுத?" என்றாள். நியாயம். அவள் உட்கார்ந்து தின்பது மிகக் குறைவு. எங்களுக்குத் தோசை சுடும்போது கல்லோரத்தில் முறிந்தது அவளுக்கு. உப்புப் பார்க்க ஒரு கரண்டி. மகன் தட்டில் மிச்சம் வைத்தால், "வீணாப் போகுதே" என்று ஒரு வாய். சட்டி கழுவும் முன்னால் அடியில் ஒட்டின கூட்டாஞ்சோறு. கேட்டால் "இன்னைக்கு ஒண்ணுமே சாப்பிடல" என்பாள், அது அவள் அறிந்தமட்டில் சத்தியம்.

அவளுக்கு நோட்டுக்குப் பதில் ஒரு தட்டு. நின்றுகொண்டு எதையும் வாயில் போடுவதில்லை. மீந்தது, முறிந்தது, அடியில் ஒட்டினது எல்லாம் முதலில் அந்தத் தட்டுக்குப் போகும். உட்காரும்போது அதையும் சேர்த்துத்தான் சோறு வைப்பாள். முதல் நாள் ராத்திரி தட்டைப் பார்த்துவிட்டு, "இம்புட்டா?" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் சமைக்கிற அளவே குறைந்தது. மகனுக்கும் ஒரு தோசை குறைவாகச் சுட்டு, கேட்டால் சுடுவது என்று ஆயிற்று.

வீட்டில் சமைக்கிறவர்கள் யாரானாலும், ஆப்போ நோட்டோ எடுப்பதற்கு முன்னால் இந்தத் தட்டை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

டேப்பும் பேன்டும்

பதினைந்து வருஷமாக நான் 36 இஞ்ச் பேன்ட்தான் போடுகிறேன். இடுப்பு மாறவே இல்லை என்று அதைக் காட்டிப் பேசுவேன். தையல்காரர்தான் உடைத்தார்: "வயிறு அப்படியேவா இருக்கு? பெல்ட்டுல்லா கீழ இறங்கிட்டு." தொப்புள் மட்டத்தில் கட்டினது மெதுவாக வயிற்றுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. வேட்டிக்கு அந்தச் சாட்சியும் கிடையாது, எந்த வயிற்றுக்கும் வளைந்து கொடுக்கும். நைட்டியும் அப்படியே.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் நாட்டவருக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். எனக்கு 104. வயிற்றுக்குள் சேர்கிற கொழுப்பைத்தான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பகை என்று சொல்வதால், எடையைவிட இந்த எண்ணுக்கு ஒருவகையில் மதிப்பு அதிகம். மாதம் ஒரு தடவை போதும். நீங்களே அளந்தால் டேப் தானாக இறுகும், வயிறு தானாக உள்ளே போகும். வேறொருவர் கையில் கொடுங்கள்.

கூட ஒரு ஆள்

இதில் மூன்று பேரை வைத்துப் பார்த்தேன்.

முதலில் மனைவி. பெரிய தப்பு. இரண்டே வாரத்தில் அவள் போலீஸ், நான் திருடன். டவுனில் தின்றுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முன்பு எனக்கு நானே சொன்ன பொய்யை இப்போது அவளுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. சோறு போடுகிறவரையே சோற்றுக்கு ஆடிட்டராக வைக்காதீர்கள்.

அடுத்து, மைதானத்தில் கூட நடக்கிற சோட்டாளி. ஐந்தரை மணிக்குச் சுற்று ஆரம்பம், ஆறரைக்கு டீக்கடை. "நடந்துருக்கோம்லவே, ஒரு வடைக்கு என்ன?" என்பான். அவன் சொல்லாத நாளில் நான் சொல்வேன். கூட்டுக் களவுக்கு நடைப்பயிற்சி என்று பேர். நடப்பதைக் குறை சொல்லவில்லை. மூட்டுக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது, இன்றும் நடக்கிறேன். டீக்கடை இல்லாத பக்கமாக.

மூன்றாவது, கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற அத்தான். அக்கா வீட்டுக்காரர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் வயிறு. சனிக்கிழமை ராத்திரி நான் என் ஏழு நாள் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவேன், அவர் தன் பக்கத்தை அனுப்புவார். புத்திமதி கிடையாது, சபாஷ் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒரு கேள்வி. இரண்டு பேருமே ஒரே ஜாதிக் களவாணி என்பதால் யாருக்கு எங்கே ஓட்டை என்று மற்றவருக்குத் தெரியும். இது பத்து மாதமாக நிற்கிறது.

ஆள் வைத்துக்கொள்வதானால் உங்களுக்குச் சமைக்காதவராக, உங்களோடு சேர்ந்து தின்னாதவராக, நீங்கள் பயப்பட வேண்டாதவராகப் பாருங்கள். தூரத்து ஊரில் இருந்தால் இன்னும் நல்லது.

ரத்தம்

இதை ஏமாற்றுவது கஷ்டம். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மூன்று நாள் பத்தியம் இருந்து இறக்கிவிடலாம். அதைச் செய்யாத சர்க்கரைக்காரர் நெல்லைச் சீமையில் குறைவு. எச்பிஏ1சி அப்படி மசியாது. ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள், அது வாழ்ந்த காலமெல்லாம் பார்த்த சர்க்கரை அதில் ஒட்டியிருக்கும். மூன்று மாதக் கணக்கு மொத்தமாக வந்து நிற்கும். ரத்தசோகை இருந்தால் மட்டும் எண் பிசகலாம்.

ஆனால் இது ஐந்தொகை. வருஷம் முடிந்து ஐந்தொகை பார்க்கும்போது நஷ்டம் தெரிந்து என்ன செய்ய? வடை தின்ற அன்றைக்கு அது ஒன்றும் சொல்லாது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிறேன், மற்றவை சொல்வது மெய்தானா என்று பார்க்க. 'தைராய்டுதான் காரணம்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அதையும் கூடவே ஒரு தடவை பார்த்துவிடலாம். இருந்தால் மாத்திரை இருக்கிறது, இல்லையென்றால் ஒரு சாட்டு குறையும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவோ வேளையைத் தள்ளவோ வேண்டாம், சர்க்கரை தாழ்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

எதை எடுக்கலாம்

ஆறையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நான் வைத்திருந்தேன், ஒரு மாதம். ஆறில் எது நல்ல செய்தி சொல்கிறதோ அதை மட்டும் நம்பினேன். எடை ஏறினால், "இடுப்பு குறைஞ்சிருக்குல்லா" என்பேன்; இடுப்பும் குறையவில்லை என்றால், "ஆப் 1,500ன்னுதான் காட்டுது" என்பேன். ஒரே சரக்குக்கு ஆறு பேரேடு வைத்திருப்பவன் எதையோ மறைக்கிறான்.

அதனால் தினத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. அந்தத் தினக் கணக்கு எது என்பதுதான் தேர்வு, அது உங்கள் களவைப் பொறுத்தது. நின்றுகொண்டும் பேசிக்கொண்டும் தின்கிறவருக்கு நோட்டு. சமையலறையில் நின்றே வயிற்றை நிரப்புகிறவருக்குத் தட்டு. வேளாவேளைக்கு ஒழுங்காக உட்கார்ந்து, அளவு தெரியாமல் தின்கிறவருக்குச் சமையலறைத் தராசும் இரண்டு மாதம் ஆப்பும். நடந்ததைச் சொல்லிச் சொல்லியே தின்கிறவருக்கு முதலில் அடி எண்ணும் கருவியைக் கழற்றி வைப்பது. மாதக் கணக்குக்கு டேப்பை எடுக்கலாம், வாரம் ஒரு நாள் தராசையும் எடுக்கலாம். இரண்டில் எதில் உங்கள் கை கூசுகிறதோ அதை. எனக்குத் தராசுதான் கூசியது, அதனால் புதன்கிழமை.

இப்போது 84.6 கிலோ. பதினான்கு மாதத்தில் ஆறு கிலோ நானூறு, கால் சிப்பம். நடுவில் தைப் பொங்கலுக்கு இரண்டு கிலோ ஏறி, அதை இறக்க மாசி முழுக்க ஆயிற்று. எச்பிஏ1சி 5.8, இன்னும் வாசல்படியில்தான். மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ குறைத்தேன் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் முன்னால் இது ஒரு எண்ணே இல்லை. லோடுமேன் மட்டும் போன புதன்கிழமை, "இப்போ மூணரைக்கு உள்ளதான் அண்ணாச்சி" என்றார்.

போன சனிக்கிழமை பக்கத்தை அனுப்பிவிட்டுப் படுத்தேன். ஐந்து நிமிஷத்தில் அத்தானிடமிருந்து பதில். "ஏ மாப்ள, செவ்வாக்கிழமை ராத்திரி எங்க?"

எழுந்து போய் நோட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குக் கீழே கோடு போட்டு நேராகப் புதன் காலை ஆரம்பித்திருக்கிறது. நூலில் தொங்கின பேனாவை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுணுக்கி எழுதினேன். 'ராத்திரி 9.15. ஜங்ஷன். பரோட்டா 4. சால்னா ரெண்டு தடவை.' படம் எடுத்து மறுபடியும் அனுப்பினேன்.

"புதன்கிழமை எடை பாக்கலயோ?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான்," என்று போட்டேன். "தராசுல மூட்டை இருந்துச்சு."